பாத்திரம், பயிற்சி, பழைய கார்ட்டூன்: எதை முதலில் எடுப்பது?

வீட்டு வேலை, வாத்தியப் பயிற்சி, பழைய கார்ட்டூன் மூன்றையும் எந்த வரிசையில் வைத்துக்கொள்வது என்ற கேள்விக்குப் புனைபெயரில் நால்வர் எழுதிய பதில்கள் இவை.

தந்திவிரல்

கிட்டார் வாசிப்பவர்கள் பாத்திரம் கழுவுவதைப் பயிற்சிக்குப் பின்னால் தள்ளுங்கள். சோம்பேறித்தனம் இல்லை, தோல் விஷயம். வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறிய விரல் நுனி வெளுத்துச் சுருங்கி மெத்தென்று ஆகிவிடும். அந்த விரலால் எஃகுக் கம்பியை அழுத்தினால் கம்பி தோலில் பள்ளம் போட்டுக்கொண்டு இறங்கும், சுரம் கணீரென்று விழாது. அதோடு கம்பியில் விரலைச் சறுக்கி ஒரு ஸ்லைடு இழுத்தால் மாதக்கணக்கில் ஏறிய காய்ப்பு ஓரத்தில் கிளம்பி உரியத் தொடங்கும். கழுவித்தான் ஆகவேண்டும் என்றால் கையுறை போடுங்கள். கையுறை இல்லையா, துடைத்துவிட்டு அரை மணி நேரம் காயவிடுங்கள். நகத்தால் மீட்டுபவர்கள் நனைந்த நகத்தில் அரம் போடக் கூடாது, அடுக்கடுக்காகப் பிரியும். கைக்குப் பூசும் கிரீமும் வாசித்து முடித்த பிறகுதான். எண்ணெய்ப் பசை ஏறிய கம்பி சீக்கிரம் மந்தமாகும்.

ஆக வரிசை இப்படி: துணியை மெஷினில் போடு, வாத்தியத்தை எடு, துணியைக் காயப்போடு, பாத்திரம், அப்புறம் கார்ட்டூன்.

மெஷின் ஓடும் நேரத்தை அப்படியே பயிற்சி நேரமாக வைத்துக்கொள்ளலாம். 45 நிமிஷம் கிடைத்தால் முதல் பத்து நிமிஷம் மெதுவான சுர வரிசை, அடுத்த 25 நிமிஷம் சிக்கும் இடம் மட்டும், மிச்சத்தில் முழுப் பாட்டு. பலரும் தவறு செய்வது நடுவில்தான். தடுக்கிய உடனே பாட்டின் தொடக்கத்துக்கு ஓடிப்போவார்கள். ஆறு மாதம் கழித்து முதல் நாலு வரி மட்டும் பளபளவென்று இருக்கும், கடைசி வரி அன்று கற்றதுபோலவே இருக்கும். பாட்டைத் துண்டு துண்டாக வெட்டி, கடைசித் துண்டிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

துண்டை வெட்டும்போது இன்னொரு கவனம். தாளக் கட்டு முடியும் இடத்திலேயே நிறுத்தினால், கை அந்த இடத்தில் நிற்கப் பழகிவிடும். பிறகு முழுசாக வாசிக்கும்போது மூட்டில் ஒரு சின்ன இடைவெளி கேட்கும். அடுத்த கட்டின் முதல் சுரத்தையும் சேர்த்து வாசித்துவிட்டு நிறுத்துங்கள். சீராகத் தட்டுப் போடும் கருவியான மெட்ரோனோமை இலக்கு வேகத்தில் 60 சதவீதத்தில் வைத்துத் தொடங்குங்கள். அடுத்தடுத்து மூன்று தடவை பிசகாமல் வந்தால் நிமிடத்துக்கு 4 தட்டு கூட்டலாம். பிசகினால் 4 குறைத்தால் போதாது, 8 குறையுங்கள். பிசகிய வேகத்துக்குப் பக்கத்திலேயே நின்றால் கை அந்தப் பிசகையும் சேர்த்து மனப்பாடம் செய்துவிடும்.

ஈரத்துணி

மெஷினை நம்பிப் பயிற்சியைத் திட்டமிடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: திரையில் காட்டும் நிமிஷம் கணிப்புதான். கடைசி ஸ்பின்னில் டிரம் ஒரு பக்கம் கனத்தால் மெஷின் வேகம் எடுக்காமல் துணியைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும், சில சமயம் தண்ணீர் விட்டும் பரத்தும். 8 நிமிஷம் என்று காட்டியது 20 ஆகிவிடும். காரணம் பெரும்பாலும் இரண்டே. ஒரே ஒரு கனமான துண்டைத் தனியாகப் போடுவது; அல்லது வாய் திறந்த போர்வை உறை சின்னத் துணிகளை எல்லாம் விழுங்கி உருண்டையாகிவிடுவது. உறையின் பொத்தானைப் போட்டுவிட்டு உள்ளே தள்ளுங்கள். ஒற்றைத் துண்டுக்குத் துணையாக இன்னும் இரண்டு மூன்றைச் சேருங்கள். முன்பக்கக் கதவு மெஷினில் துணியை அமுக்காமல் போட்ட பிறகு மேலே ஒரு கை நுழைய இடம் இருக்க வேண்டும்.

சோப்புத் தூள் கூடினாலும் நேரம் நீளும். நுரை அதிகமானால் பல மெஷின்கள் தாமாகவே ஒரு அலசல் கூட்டிக்கொள்ளும். காய்ந்த துணி விறைப்பாக இருந்து, நனைத்ததும் மறுபடி வழுவழுப்பானால் தூள் கூடிவிட்டது என்று அர்த்தம்.

பாத்திரத்துக்கு ஒரு வார்த்தை. அடிப்பிடித்ததைச் சுரண்டாதீர்கள். அடி மூழ்கத் தண்ணீர், ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, சிறு தீயில் பத்து நிமிஷம், பிறகு ஆறவிட்டு மரக் கரண்டியால் தள்ளினால் பத்தையாக வரும். அலுமினியத்தில் மட்டும் வேண்டாம், சோடா அதைக் கறுக்கடிக்கும். இன்னொன்று, தொட்டியைக் கழுவும்போது ப்ளீச்சோடு வினிகரையோ மற்ற அமிலக் கழுவிகளையோ கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

பிரேம்24

கடைசியில் கார்ட்டூன் பார்ப்பதையும் பயிற்சிக் கணக்கில் சேர்க்கலாம். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பழைய திரையரங்கக் கார்ட்டூன்கள் பலவும் மெட்ரோனோமை வைத்தே வரையப்பட்டவை. 1928இல் ‘ஸ்டீம்போட் வில்லி’யை எடுத்தபோது, டிஸ்னியிடம் வேலை பார்த்த வில்ஃப்ரட் ஜாக்சன் மெட்ரோனோம் தட்டை பிரேம் (படச்சுருளின் ஒரு தனிப் படம்) எண்ணிக்கையாக மாற்றிக் கணக்குப் போட்டார். படம் விநாடிக்கு 24 பிரேம் ஓடுகிறது, நிமிடத்துக்கு 1440. ஒரு தட்டுக்கு எத்தனை பிரேம் என்று தெரிந்தால் 1440ஐ அதால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும். 8 பிரேமுக்கு ஒரு தட்டு என்றால் நிமிடத்துக்கு 180 தட்டு, 10 என்றால் 144, 12 என்றால் 120, 16 என்றால் 90, 24 என்றால் 60. ஓட்டமும் துரத்தலும் 8, 9இல் வரும், சாதாரண நடை 12ஐ ஒட்டி இருக்கும். வார்னர் பிரதர்ஸில் 1936 முதல் 1958 வரை இசையமைத்த கார்ல் ஸ்டாலிங்கின் படங்களை எடுத்து, ஒரு கதாபாத்திரம் நடக்கும்போது பாதம் தரையில் படும் பிரேமையும் அடுத்த பாதம் படும் பிரேமையும் எண்ணுங்கள். கணினியில் வீடியோ ஓட்டும் விஎல்சி மென்பொருளில் E விசையைத் தட்டினால் ஒவ்வொரு பிரேமாக நகரும். 1440ஐக் கிடைத்த எண்ணால் வகுத்து, வந்த வேகத்தை மெட்ரோனோமில் வைத்துவிட்டுப் படத்தை ஓட்டினால், பல நடைகள் தட்டோடு ஒட்டிக்கொண்டு போகும்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறை உள்ள நாடுகளுக்காக வந்த டிவிடிகளிலும் அங்கே ஒளிபரப்பானதைப் பதிந்த பிரதிகளிலும் படம் விநாடிக்கு 25 பிரேமாக ஓடும். 4 சதவீதம்தானே என்று விட முடியாது. 120 தட்டு 125 ஆகிவிடும். சுருதியும் சுமார் 71 சென்ட் ஏறும், அதாவது அரைச் சுரத்தில் முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. 440 ஹெர்ட்ஸ் சுரம் 458இல் கேட்கும். கூடவே வாசிக்கப் போனால் எந்தக் கட்டையிலும் உட்காராது. புதிதாகக் கற்பவர்கள் தங்கள் வாத்தியத்தைத்தான் முறுக்கிக்கொண்டே இருப்பார்கள். சோதிக்க எளிய வழி நீளம்: 7 நிமிஷப் படம் அங்கே 6 நிமிஷம் 43 விநாடியில் முடியும். சரிசெய்ய வேகத்தை 0.96 ஆக வைத்து, விஎல்சியின் ஆடியோ அமைப்பில் உள்ள டைம் ஸ்ட்ரெச்சிங்கை அணையுங்கள். அதை அணைக்காவிட்டால் வேகம் மட்டும் குறையும், சுருதி ஏறியபடியே நிற்கும். சில பிரதிகளில் வேகம் கூட்டிவிட்டுச் சுருதியை மட்டும் சரிசெய்திருப்பார்கள். ஆகவே நீளத்தையும் பாருங்கள், கடைசி நாதத்தை ட்யூனரிலும் பாருங்கள்.

டிவியில் பார்ப்பவர்கள் அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பு எந்தப் பெயரில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள். பெரும்பாலான காட்சிகளில் ஒரு ஓவியம் இரண்டு பிரேமுக்கு நிற்கும், விநாடிக்கு 12 ஓவியம். ரொம்ப வேகமான அசைவுக்குத்தான் பிரேமுக்கு ஒன்று. டிவி அந்த இடைவெளியில் தானாக ஒரு படத்தைக் கற்பனை செய்து நுழைக்கும்போது கோடுகளைச் சுற்றி நீர் கலங்கியதுபோல் ஒரு வளையம் தெரியும். உதை விழும் கணத்தில் இருக்க வேண்டிய வெடுக்கென்ற அடி மழுங்கிப்போகும். படத்தின் அகலத்தையும் இழுக்க வேண்டாம். பழைய படங்கள் 4:3 அளவு. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருப்பதுதான் சரி.

சின்னப் பிள்ளைகளும் கண்டுபிடிக்கும் ஒரு விஷயம்: பத்துப் பாறைகளில் விழப்போகும் பாறை மட்டும் வேறு நிறத்தில் தனித்துத் தெரியும். பின்னணி காகிதத்தில் நீர்வண்ணம் போன்றவற்றால் சாயல் சாயலாகத் தீட்டப்பட்டது. அசையும் பொருளோ ஒளிபுகும் செல்லுலாய்டு தாளில் கோடு போட்டு, தட்டையான ஒரே நிறத்தில் நிரப்பப்பட்டது. போதாததற்கு மேலே அடுக்கும் ஒவ்வொரு தாளும் கீழே இருப்பதைக் கொஞ்சம் மங்கலாக்கும். அதைச் சரிக்கட்டி நிறம் கலந்தாலும் ஓரம் காட்டிக்கொடுத்துவிடும். 1957இல் தொடங்கிய ஹன்னா-பார்பெரா டிவி கார்ட்டூன்களில் கழுத்துப் பட்டையும் டையும் ஏன் அத்தனை என்பதும் இதே தாள் கணக்குத்தான். உடம்பு ஒரு தாளில் அசையாமல் நிற்க, தலையை மட்டும் மாற்றி மாற்றி வரையலாம், இரண்டும் சேரும் இடத்தைப் பட்டை மறைத்துவிடும்.

தந்திவிரல்

1440 கணக்கு அருமை. தலைகீழாகவும் பயன்படுத்தலாம். ஒலியை அணைத்துவிட்டு ஒரு நடையைப் பார்த்து, வேகத்தைக் காதில்லாமல் ஊகித்துத் தட்டுங்கள், பிறகு ஒலியை வைத்துச் சரிபாருங்கள். மெட்ரோனோம் நின்றதும் வேகம் ஓடிப்போகிறவர்களுக்கு இது நல்ல மருந்து. ஒரு குறும்படம் ஆறேழு நிமிஷம்தான். இரண்டு பயிற்சித் துண்டுகளுக்கு நடுவில் ஒன்று என்று வைத்தால் மணிக்கட்டும் ஓய்வெடுக்கும்.

துண்டு, படுக்கை விரிப்பு மாதிரியானவற்றை அப்போது மடிக்கலாம். காலுறைக்கு ஜோடி தேடுவதும் சட்டை மடிப்பதும் வேண்டாம், கண் இரண்டு பக்கம் ஓடினால் இரண்டுமே கோணலாகும்.

ரோசின்தூள்

வயலின்காரர்களுக்கு வரிசை கொஞ்சம் மாறும். பெருக்குவதும் தூசி தட்டுவதும் வயலின் பெட்டிக்குள் மூடியிருக்கும்போதே முடிய வேண்டும், மேலிருந்து கீழாக. மரச்சாமான் பளபளப்பாக்கும் ஸ்ப்ரே அந்தப் பக்கமே வரக் கூடாது. வாசித்து முடித்ததும் காய்ந்த மெல்லிய துணியால் முதலில் தந்தியை, பிறகு தந்திக்கடியில் மரத்தில் விழுந்த ரோசின் (வில்லின் முடியில் தேய்க்கும் பிசின்) தூளைத் துடையுங்கள். நாள்பட விட்டால் தூள் வார்னிஷோடு ஒட்டி மெழுகு மாதிரி ஆகிவிடும், அப்புறம் அது பழுதுபார்ப்பவர் வேலை. ஆல்கஹாலால் துடைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது வார்னிஷையே கரைக்கும். வில்லின் முடியைத் தளர்த்திவிட்டு வையுங்கள்.

பயிற்சி அறையில் துணி காயப்போடுவது பெரிய தப்பு. நன்றாகப் பிழிந்த 5 கிலோ துணியிலும் இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் தங்கியிருக்கும், அத்தனையும் அந்த அறைக் காற்றில்தான் சேரும். மர வாத்தியங்களுக்கு 40 முதல் 60 சதவீத ஈரப்பதம் தோது. அதற்கு மேலே ஏறினால் மரம் உப்பி, தந்தியை முறுக்கும் பிரடை இறுகும். இறுகிய பிரடையை வலுக்கட்டாயமாகத் திருப்பினால் தந்திதான் அறும். காய்ந்த நாளில் நேரெதிர், பிரடை தானே வழுக்கி அவிழும். உள்ளே அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும்.

பிரேம்24

எண்ணிப் பார்த்து 12 வர வேண்டிய இடத்தில் 15 வருகிறது என்பவர்களுக்கு: உங்கள் எண்ணிக்கை தப்பில்லை. அமெரிக்க டிவிக்காக மாற்றிய பிரதி அது, 24 பிரேமை 30 ஆகப் பரப்பியிருக்கும். ஒவ்வொரு ஐந்திலும் இரண்டு பிரேமில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும். அந்தப் பிரதியில் 1440க்குப் பதிலாக 1800ஐ வகுங்கள்.