பதிவு செய்த ஒளிபரப்பை எம்பி4 ஆக மாற்றினால் ஒலி விலகுகிறது

கேள்வி:
செயற்கைக்கோள் வழி வந்த கச்சேரி ஒன்றைப் பதிவு செய்து, அந்த டிஎஸ் (ஒளிபரப்பு வடிவக்) கோப்பை எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றும் மென்பொருள் கொண்டு எம்பி4 ஆக மாற்றினேன். மூலக் கோப்பு விஎல்சி இயக்கியில் சரியாக ஓடுகிறது. மாற்றிய கோப்பிலோ, மழையால் சிக்னல் விட்டுப்போன ஒவ்வோர் இடத்துக்குப் பின்னும் ஒலி இன்னும் முந்திக்கொள்கிறது. மிருதங்கத்தில் கை விழும் முன்பே ஓசை கேட்கிறது. வேகமான அசைவுகளில் சீப்புப் பல் போன்ற கோடுகளும் தெரிகின்றன.

மறுமொழி 1:
டிஎஸ் கோப்பு 188 பைட் பொட்டலங்களால் ஆனது. சிக்னல் குறையும்போது சில பொட்டலங்கள் தொலைந்து, அவற்றோடு ஒலித்துண்டுகளும் போய்விடுகின்றன. ஒவ்வொரு துண்டும் எப்போது ஒலிக்க வேண்டும் எனக் குறிக்கும், நொடிக்கு 90,000 துடிப்பாக எண்ணப்படும் நேரமுத்திரையைப் பார்த்து விஎல்சி இடைவெளியை அப்படியே விட்டுவிடுகிறது. மாற்றும்போதோ எஞ்சிய ஒலி இடைவெளியின்றி ஒட்டப்படுவதால் விலகல் சேர்ந்துகொண்டே போகிறது. எஃப்எஃப்எம்பெக்கின் ஏரீசாம்பிள் (aresample) ஒலி வடிப்பானில், ஒலியை நேரமுத்திரையோடு பொருத்தும் அசிங்க் (async) மதிப்பை 1 என்று வையுங்கள். இடைவெளிகளில் மௌனம் நிரப்பப்படும். 1000 போன்ற பெரிய மதிப்பு ஒலியை இழுத்துச் சுருக்கக்கூடும் என்பதால், சுருதி முக்கியமான இசைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மறுமொழி 2:
கோடுகளுக்குக் காரணம் இன்டர்லேஸ், அதாவது ஒவ்வொரு சட்டத்தையும் ஒன்றுவிட்டு ஒன்றான வரிகள் கொண்ட இரண்டு அரைச்சட்டங்களாக அனுப்பும் முறை. 576 வரிகள் கொண்ட இன்டர்லேஸ் (576i) ஒளிபரப்பில் நொடிக்கு 25 சட்டங்கள், அதாவது 50 அரைச்சட்டங்கள் உள்ளன. இன்டர்லேஸை நீக்கும் யாடிஃப் (yadif) வடிப்பானை 1ஆம் முறையில் (mode=1) இயக்கினால் 50 முழுச்சட்டங்கள் கிடைத்து, விரல் அசைவுகள் தெளிவாக இருக்கும். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

கேட்டவர்:
இரண்டையும் சேர்த்து இயக்கினேன். தனி ஆவர்த்தனம் முழுவதும் கையும் ஓசையும் பொருந்துகின்றன, மிக்க நன்றி.