கலைச்சொல் விவாதம்: மரத்தட ரோலர் கோஸ்டரும் மறுபடி ஏறத் தூண்டும் தன்மையும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கேளிக்கைப் பூங்காப் பொறியியல் சொற்பட்டியலுக்காக முன்வைக்கப்பட்ட இரண்டு சொற்களைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். மரத்தடத்தில் ஓடும் ரோலர் கோஸ்டர் பயணியின் உடலை எவ்வளவு வலுவாகப் பற்றி ஆட்டுகிறது என்பதற்குத் 'தீவிரம்' என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. ஒருமுறை இறங்கியவரை உடனே மறுபடியும் வரிசையில் நிற்கவைக்கும் தன்மைக்குத் 'தெவிட்டாமை' என்பது முன்மொழிவு. இரண்டுமே காதுக்கு இதமானவை. ஆயினும் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டிய மூன்றாவது கருத்து ஒன்று பட்டியலில் இல்லை. அது இல்லாததால் மற்ற இரண்டின் எல்லைகளும் குழம்பிவிடுகின்றன என்பதே என் வாதம்.

முதலில் 'தீவிரம்'. நோய்க்கும் புயலுக்கும் அரசியலுக்கும் அன்றாடம் உழைக்கும் சொல் அது. அது மட்டுமே காரணமாயின் நான் எதிர்க்க மாட்டேன். விசை எவ்வளவு பெரியது என்பதை அச்சொல் உணர்த்தும். விசைகள் எவ்வளவு நெருக்கமாக ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன என்பதை உணர்த்தாது. ஓஹாயோ மாநிலத்தின் கிங்ஸ் ஐலண்டு பூங்காவில் 1979-இல் திறக்கப்பட்ட 'த பீஸ்ட்' இன்று 7,361 அடி நீளமுள்ளது. உலகின் மிக நீண்ட மரத்தட ரோலர் கோஸ்டர் அதுதான். ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடங்களுக்கு மேலாகிறது. ஆனால் அந்நேரத்தில் வண்டியைச் சங்கிலி மேலே இழுக்கும் ஏற்றங்கள் இரண்டு, காட்டுக்குள் நேராக ஓடும் நீண்ட தடங்கள் சில என உடல் மூச்சு வாங்கிக்கொள்ள இடம் தாராளமாக உண்டு. இண்டியானா மாநிலத்தின் ஹாலிடே வேர்ல்டு பூங்காவில் 2006-இல் வந்த 'த வாயேஜ்' 6,442 அடிதான். அதை வண்டி மூன்று நிமிடங்களுக்குள் ஓடி முடிக்கிறது. மணிக்கு ஏறத்தாழ 108 கிலோமீட்டர் வேகம், மூன்று இடங்களில் 90 பாகை வரை பக்கவாட்டில் சாயும் தடம், உடல் இருக்கையைவிட்டு எழும் கணங்களைக் கூட்டினால் 24 நொடிக்கு மேல் என எல்லாம் அடுத்தடுத்து நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. கீழ்நோக்கிய அழுத்தம், மேல்நோக்கிய தூக்கல், பக்கவாட்டுத் தள்ளல் ஆகிய மூவகை விசைகளின் அளவும் அவை செறிந்து வரும் வேகமும் சேர்ந்ததே இங்கு அளக்கப்படும் பொருள் என்பதால் 'விசைச்செறிவு' என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறேன். ஒளிச்செறிவு, புலச்செறிவு என்று இயற்பியல் பாடநூல்கள் பழக்கிய வழி இது.

இப்போது விடுபட்ட கருத்துக்கு வருகிறேன். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வளைத்து, ஆணியடித்து, அதன்மேல் தட்டையான எஃகுப் பட்டையைப் பதித்ததுதான் வழக்கமான மரத்தடம். சக்கரம் ஓடுவது அந்தப் பட்டையின்மீது. இறக்கத்தின் அடியில் வண்டியின் எடை பலமடங்காகத் தடத்தின்மேல் இறங்கும்போது பலகை நசுங்குகிறது. மழையிலும் வெயிலிலும் மரம் ஊதிச் சுருங்கி ஆணி தளர்கிறது. எங்கோ ஓரிடத்தில் சிறு குழி விழுகிறது. அக்குழியில் இறங்கித் துள்ளிய சக்கரம் சற்றுத் தள்ளிப் போய் விழும் இடத்தில் நாளடைவில் அடுத்த குழி விழும், பிறகு அதற்கடுத்தது. இப்படி நான்கு மீட்டருக்கு ஒரு குழி விழுந்த தடத்தில் வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் வேகத்தில் ஓடினால், பயணியின் இடுப்பில் நொடிக்கு ஏழு அடி விழுகிறது. உடல் முழுதும் உணரும் அதிர்வு பற்றிய ஐ.எஸ்.ஓ. 2631 தரநிலை, அமர்ந்திருக்கும் மனிதர் செங்குத்து அதிர்வை மிகக் கூர்மையாக உணர்வது நொடிக்கு 4 முதல் 8 வரையான அதிர்வெண்ணில் என்று கொள்கிறது. ஏழு என்பது சரியாக அதற்குள் வந்து விழுகிறது. தடத்தை வடிவமைத்தவர் திட்டமிட்ட விசை வேறு, தடம் கெட்டதால் வரும் இந்த அடி வேறு. இதற்குக் 'கரடு' என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

இவை வேறுவேறு என்பதற்கு நல்ல சான்று ஓஹாயோவின் சீடர் பாயிண்டு பூங்காவில் இருக்கிறது. 1991-இல் திறக்கப்பட்ட 'மீன் ஸ்ட்ரீக்' 161 அடி உயரம் கொண்டது. ஆனால் தடம் கெட்டுக் குலுங்கிக் குலுங்கி ஓடியதால் ஒருமுறை ஏறியவர் பலர் மறுமுறை அந்தப் பக்கம் போகவில்லை. 2016-இல் அதை மூடி, மரச் சட்டகத்தில் பெரும்பகுதியை வைத்துக்கொண்டு, மேலே ராக்கி மவுண்டன் நிறுவனத்தின் எஃகுத் தடத்தைப் பொருத்தி 2018-இல் 'ஸ்டீல் வெஞ்சன்ஸ்' என்று திறந்தார்கள். உயரம் 205 அடியாயிற்று, வண்டி நான்கு இடங்களில் தலைகீழாகப் புரண்டது. விசைச்செறிவு பன்மடங்கு ஏறியது, கரடு இறங்கியது, மறுபடி ஏறுவோர் கூட்டமும் பெருகியது. விசை கூடினால் மறுபடி ஏறும் ஆவல் குறையும் என்ற எளிய கணக்கு இங்கே செல்லுபடியாகவில்லை. ஆவலைக் கொல்வது பெரும்பாலும் கரடே.

மறுபடி ஏறத் தூண்டும் தன்மைக்கு, 'தெவிட்டாமை'க்கு மாற்றாக, 'மீளேறுதகவு' என்பது என் பரிந்துரை. 'மறுசவாரித் தகவு' என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரிடம் மறுசவாரி என்றால் அவர் திரும்பும்போது கிடைக்கும் வாடகையைத்தான் நினைப்பார். 'தெவிட்டாமை' பற்றி நண்பர்கள் கருத்தறிந்த பின் எழுதுகிறேன்.

அன்புடன்.

மறுமொழி: கரடு, தெவிட்டாமை

மதிப்பிற்குரிய ஐயா,

'விசைச்செறிவு' எனக்கு உடன்பாடே. வேதியியலில் கரைசலின் செறிவு என்று ஒன்று இருந்தாலும், முன்னால் 'விசை' நிற்பதால் குழப்பம் வராது. ஆனால் 'கரடு' என்பதை ஏற்க இயலவில்லை. நான் கொங்கு நாட்டவன். எங்கள் ஊரில் கரடு என்றால் பாறைக் குன்று. மேடும் பள்ளமுமாக ஏறி இறங்குவதையே தொழிலாகக் கொண்ட ஒரு பொறியைப் பற்றிப் பேசும்போது, 'இரண்டாவது ஏற்றத்தில் கரடு மிகுதி' என்று எழுதினால் எங்கள் பக்கத்து வாசகர் மலையைத் தேடுவார். மேலும் கரடு என்பது தடத்தின் குணம். நாம் அளக்க விரும்புவதோ உடலுக்கு வந்து சேர்வதை. அதே தடத்தில், அதே வண்டியில், இருக்கைக்கு இருக்கை அது மாறும். ஃபிலடெல்ஃபியா டொபாகன் நிறுவனத்தின் மூன்று வரிசைப் பெட்டிகளில் முதல் வரிசையும் மூன்றாம் வரிசையும் ஏறக்குறைய சக்கர அச்சின்மேல் இருக்கின்றன. நடு வரிசையில் அமர்ந்தவருக்கு அடி மெத்தென்று வரும். நம் ஊர்ப் பேருந்தின் கடைசி இருக்கை தூக்கித் தூக்கிப் போடுவதும் சாலையின் குற்றம் மட்டுமன்று. 'உடம்பை உலுக்கி எடுத்துவிட்டது' என்பதுதானே இறங்கியவர் வாயில் வரும் சொல்? ஆகவே 'உலுக்கம்' என்று வைத்துக்கொள்ளலாமே.

'தெவிட்டாமை'க்காக நான் இன்னும் சற்று வாதாட விரும்புகிறேன். நான் இப்போது வசிக்கும் பென்சில்வேனியாவில் நோபெல்ஸ் என்ற பூங்கா இருக்கிறது. அங்குள்ள 'ஃபீனிக்ஸ்' 1947-இல் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் 'ராக்கெட்' என்ற பெயரில் கட்டப்பட்டது. அந்தப் பூங்கா மூடப்பட்ட பின் பிரித்துக் கொண்டுவரப்பட்டு 1985-இல் இங்கே மறுபடியும் எழுந்தது. உயரம் 78 அடி, வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர். 'வாயேஜ்' முன்னால் இது சிறு பிள்ளை. ஆயினும் கேளிக்கைப் பூங்காத் துறையின் தங்கச் சீட்டு (கோல்டன் டிக்கெட்) விருதுகளில் 2007 முதல் 2011 வரை 'வாயேஜ்' சிறந்த மரத்தட வண்டியாகத் தேர்வானதைப் போலவே, 2018-க்குப் பிறகு ஃபீனிக்ஸ் பலமுறை முதலிடம் பெற்றது. ரகசியம் அதன் மடிக்கம்பியில், அதாவது பயணியின் மடிமேல் வந்து பூட்டிக்கொள்ளும் பாதுகாப்புக் கம்பியில் இருக்கிறது. அக்கம்பிக்கு ஒரே நிலைதான். பூட்டிய பிறகும் தொடைக்கும் கம்பிக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு இடைவெளி நிற்கும். தொடக்கத்திலுள்ள இருட்டுச் சுரங்கத்தைக் கடந்து, ஏற்றம் ஏறி, கடைசி மேடுகளுக்கு வண்டி வரும்போது ஒவ்வொரு மேட்டிலும் உடல் இருக்கையைவிட்டு எழுந்து கம்பியில் தொட்டுத் திரும்புகிறது. வலி இல்லை, இறங்கியதும் மக்கள் வாயிலைச் சுற்றி வந்து மறுபடியும் நிற்கிறார்கள். இதைத் 'தகவு' என்ற வறண்ட சொல் எப்படிச் சொல்லும்? தெவிட்டவில்லை என்பதல்லவா பொருத்தம்?

வணக்கத்துடன்.

மறுமொழி: உலுக்கம் ஏற்பு, மீளேறுதகவு விளக்கம்

அன்புள்ள நண்பருக்கு,

'உலுக்கம்' கரட்டைவிடச் சிறந்தது, எடுத்துக்கொள்வோம். அச்சுமேல் இருக்கை பற்றிய உங்கள் குறிப்பு இன்னொன்றையும் நினைவூட்டுகிறது. கிரேட் கோஸ்டர்ஸ் நிறுவனத்தின் வண்டியில் வரிசைக்கு ஒரு பெட்டி. பெட்டிகள் ஒன்றோடொன்று மூட்டுப்போலப் பிணைந்து திருப்பத்தில் தனித்தனியே வளைகின்றன. நீண்ட பெட்டி திருப்பத்தில் பக்கவாட்டில் தேய்ந்து இடிப்பதைப் போல் அவை இடிப்பதில்லை. ஆகவே உலுக்கம் என்பது தடம், வண்டி, இருக்கை மூன்றும் சேர்ந்து முடிவு செய்வது. தொழிற்சாலையில் மெல்லிய மரத் தகடுகளை ஒட்டி, இயந்திரத்தால் துல்லியமாக வெட்டி, துண்டு துண்டாகப் பொருத்தும் இன்டமின் நிறுவனத்தின் முறை வந்தபோது இச்சிக்கல் தீர்ந்தது என்றே பலர் நம்பினார்கள். அம்முறையில் எழுந்த நியூ ஜெர்சியின் 'எல் டோரோ'வில் 2022 ஆகஸ்டில் வண்டி ஓரிடத்தில் பலமாகத் தூக்கிப்போட்டதில் 14 பேர் காயமடைந்தனர். அடுத்த ஆண்டு கோடை வரை அது மூடிக்கிடந்தது. மரம் எந்த வடிவில் வந்தாலும் பராமரிப்பு கேட்கத்தான் செய்யும்.

தெவிட்டாமைக்கு வருகிறேன். ஃபீனிக்ஸுக்கு அச்சொல் பொருந்துகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. சிக்கல் அதன் எதிர்ப்பக்கத்தில்தான். ஒரு கலைச்சொல் குறைந்த அளவையும் குறிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 'வாயேஜ்' வண்டியிலிருந்து கால் நடுங்க இறங்கி, 'இன்றைக்கு இது போதும், நாளை வருகிறேன்' என்று சொல்பவருக்கு அந்தச் சவாரி தெவிட்டிவிட்டதா? இல்லை; மனம் கேட்கிறது, உடல் மறுக்கிறது. தட்டையான, மந்தமான ஒரு வண்டியில் ஏறியவர் மறுபடி ஏறாமல் போவது வேறு காரணத்தால். அங்கே உடல் ஒப்புகிறது, மனம் கேட்கவில்லை. தெவிட்டுதல் என்பது மிகுதியால் வரும் வெறுப்பு. மேற்சொன்ன இரண்டில் எதுவும் அதுவன்று. 'தகவு' வறண்டதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிகழ்தகவு என்ற சொல்லில் உயர்ந்ததையும் தாழ்ந்ததையும் ஒரே சொல்லால் குறிக்க அது பழகிவிட்டது. 'மீளேறுதகவு குறைவு' என்று எழுதினால் வாசகருக்கு உறுத்தாது, 'தெவிட்டாமை குறைவு' என்றால் நின்று கணக்குப் போட வேண்டியிருக்கும். கட்டுரைகளிலும் பேச்சிலும் 'தெவிட்டாத சவாரி' என்று தாராளமாகச் சொல்லுங்கள், நானும் சொல்வேன். பட்டியலில் மட்டும் வேண்டாம். 'மீளேற்றம்' என்று சுருக்குவதையும் தவிர்ப்போம். அது மின்கலத்துக்கு மறுபடி மின்னேற்றுவதைப் போல் ஒலிக்கிறது.

ஒன்றைச் சேர்க்க வேண்டும். மரத்தட வண்டி காலையில் ஓடுவதைப் போல் மாலையில் ஓடுவதில்லை. சக்கரத்தின் மசகு சூடேறி இளகிய பின் வேகம் கூடுகிறது; வேகம் கூடினால் மேடுகளில் தூக்கல் கூடும், பள்ளங்களில் உலுக்கமும் கூடும். எனவே எந்த வண்டிக்கும் ஒரே எண்ணாக மீளேறுதகவை எழுதி வைக்க முடியாது. இருக்கையும் வேளையும் குறிப்பிடாமல் கொடுத்த மதிப்பை நான் நம்ப மாட்டேன். இதை மனத்தில் வைத்து, பட்டியலுக்கான பதிவை இவ்வாறு எழுதியுள்ளேன்:

மீளேறுதகவு: ஒரு சவாரி முடிந்து வண்டி மேடைக்குத் திரும்பியவுடன், இளைப்பாறாமல் மறுபடியும் அதில் ஏறுவதற்குப் பயணியின் உடலும் மனமும் ஒருங்கே ஒப்பும் அளவு. விசைச்செறிவு மிகுவதால் மட்டும் இது குறைவதில்லை. உலுக்கம் மிகுந்தால் பெரும்பாலும் குறையும். பயன்பாடு: 'தடத்தின் அடிப்பகுதியைப் புதுப்பித்த பின் நடு வரிசையில் மீளேறுதகவு வெகுவாக உயர்ந்தது.'

'ஒருங்கே' என்ற சொல்லை நீக்க வேண்டும் என்று யாரேனும் கருதினால் காரணத்துடன் எழுதுங்கள்; அதை நான் வேண்டுமென்றேதான் வைத்தேன். மரச் சட்டகத்தின்மேல் எஃகுத் தடம் கொண்ட 'ஸ்டீல் வெஞ்சன்ஸ்' போன்றவற்றை மரத்தட வகையில் சேர்ப்பதா, கலப்புத் தடம் என்று தனியே பிரிப்பதா என்ற கேள்விக்குப் புதிய இழை ஒன்று தொடங்கிவிடலாம். இந்த இழையில் அதை இழுத்தால் சொற்பட்டியல் இந்த மாதமும் அச்சுக்குப் போகாது.

அன்புடன்.