மொரிஸ் மைனருக்கு சைலன்சர் கிளாம்ப் பூட்டிய அனுபவம்

என்னுடைய மொரிஸ் மைனர், பழைய இங்கிலாந்துக் கார், வெள்ளவத்தையில் கடற்காற்றுக்குள் நிற்கிற வண்டி. சைலன்சர் குழாய் கறள் பிடிப்பதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. எனக்கு எரிச்சல் வந்தது கிளாம்பால்தான். புதுக் குழாய் போட்ட கராஜில், குழாய் இணைப்பைச் சுற்றி இறுக்குகிற யூ வடிவ கிளாம்பை மூச்சுப் பிடித்து முறுக்கி, குழாயையே நசுக்கிவிட்டார்கள். நசுங்கினால் வட்டம் கெட்டுவிடும். ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் புகை கசியும். காலி வீதி முழுக்கப் படபடவென்று சத்தம். சத்தத்தைவிடப் பயம் என்னவென்றால், இந்த வயசு வண்டிகளின் தரைத் தகட்டில் ஓட்டை இல்லாமல் இராது. காபன் மொனொக்சைட்டு உள்ளே வந்தால் மணத்தை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

பஞ்சிகாவத்தைக்குப் போனேன். பழைய சாமான் கடை நானா கிளாம்பை எடுத்துத் தராமல், "தம்பி, ஒரு குழாய்க்குள்ள மத்தது எவ்வளவு போகுது?" என்று கேட்டார். ஒன்றரை இஞ்சியாவது உள்ளே போகாவிட்டால் கிளாம்ப் வாங்குவதே வீண் காசு என்றார். அதற்குப் பிறகுதான் அளவு பார்த்து எடுத்துத் தந்தார்.

வேலையை வீட்டிலேயே செய்தேன். பழைய நட்டுகள் இஞ்சிக் கணக்கு. அரை இஞ்சி என்றால் 12.7 மில்லிமீற்றர், 13 ஸ்பெனரும் ஏறும், ஆனால் கறள் பிடித்த நட்டின் மூலையை மழுக்கிவிடும். ஆகவே முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவைத்து, சரியான ஸ்பெனரால் கழற்றினேன்.

எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே விடுகிற மெனிஃபோல்டில் பூட்டுவது யூ கிளாம்ப் அல்ல, இரண்டு பாதியாக வருவது. உள்பக்கம் சரிவாக இருப்பதால், இறுக்க இறுக்க மெனிஃபோல்டின் விளிம்பும் குழாயின் விளிம்பும் நெருங்கி வரும். இரண்டு போல்ட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் கோணிக்கொள்ளும்.

மற்றவற்றையெல்லாம் முதலில் தளர்வாகவே விட்டேன். எஞ்சின் ரப்பரில் ஆடுவதால் குழாய்க்கும் அசைய இடம் வேண்டும். எங்கும் முட்டாமல் தொங்குகிறதா என்று பார்த்து, முன்னாலிருந்து பின்னால் இறுக்கிக்கொண்டு போனேன். யூ கிளாம்பின் நட்டு முனைகள் கீழே நீட்டாமல் திருப்பி வைப்பது நல்லது. நம் ஒழுங்கைகளின் வேகத்தடையில் முதலில் அடிபடுவது அவைதான்.

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, பின் குழாய் வாயை ஈரத் துணியால் ஒரு நொடி பொத்தினால், கசியும் இடம் உஸ்ஸென்று காட்டிக்கொடுக்கும். நடு இணைப்பில் மெல்லக் கேட்டது. சூடேறி ஆறிய பிறகு அரைச் சுற்று முறுக்கியதும் நின்றுவிட்டது.

குழாயை நசுக்காத பட்டைக் கிளாம்பும் நானாவிடம் இருந்தது. விலை கேட்டுத் திருப்பி வைத்துவிட்டேன். மைனரில் அதைப் பூட்டியவர்கள் இருந்தால், கடற்காற்றுக்குத் தாக்குப்பிடிக்கிறதா என்று சொல்லுங்கள்.