சராய்யா கோயோ: சாமுராய்த் தொடரா, தாலாட்டா?

கட்டானா_பையன்:
'சராய்யா கோயோ' என்ற ஜப்பானிய அனிமே தொடரின் பன்னிரண்டு அத்தியாயங்களையும் பார்த்து முடித்துவிட்டேன். மொத்தம் நாலரை மணி நேரம். அதில் வாள் உறையை விட்டு வெளியே வந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு டீ ஆறும் நேரம்கூட வராது.

எப்படி ஏமாந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். 2004-இல் 'சாமுராய் சம்ப்ளூ' எடுத்த மாங்லோப் ஸ்டுடியோதான் இதையும் எடுத்திருக்கிறது. எனக்கு அது உயிர். ஹிப்ஹாப் பின்னணியில் அந்த வாள்வீச்சைப் பார்த்தவன், 2010-இல் அதே வீட்டிலிருந்து வந்த சாமுராய்த் தொடர் என்றால் எதை எதிர்பார்ப்பான்?

கதைக்கரு கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எடோ காலம், அதாவது இன்றைய டோக்கியோவான எடோவிலிருந்து ஷோகுன் என்ற படைத்தலைவர்கள் ஜப்பானை ஆண்ட காலம். அகிட்சு மாசானோசுகே என்ற ரோனின், அதாவது எசமான் இல்லாத சாமுராய். ஆள் நெடுநெடுவென்று இருப்பான், கூச்சமோ அதைவிட நெடியது. அதனாலேயே வேலை போய், எடோ நகரத்தில் பசியோடு அலைகிறான். யாயிச்சி என்பவன் காவலாளாக வா என்று கூப்பிடுகிறான். போன பிறகுதான் தெரிகிறது, அது 'ஐந்து இலை' என்ற ஆள்கடத்தல் கும்பல். இதை வைத்து எவ்வளவு செய்திருக்கலாம்! அவர்களோ உமே என்பவரின் மதுக்கடையில் உட்கார்ந்து குடிக்கிறார்கள். ஜன்னல் வழியே பார்க்கிறார்கள். மறுபடி குடிக்கிறார்கள். ஐந்தாவது அத்தியாயத்தில் நான் தூங்கியே விட்டேன். எழுந்து பார்த்தால் அதே ஆட்கள், அதே கடை.

10-க்கு 5. அதுவும் ஓவியத்துக்காக.

மழைத்தவளை:
தம்பி, புளிக்குழம்பு கேட்டு வந்து ரசத்தைக் குறை சொல்கிறீர்கள். பெயரையாவது பார்த்திருக்கலாம். ஜப்பானிய மொழியில் கடைப் பெயர்களின் கடைசியில் 'யா' வரும். 'சராய்யா' என்றால் ஆள் கடத்துவதையே தொழிலாக நடத்தும் கடை என்று வைத்துக்கொள்ளலாம். சாமுராய் என்ற சொல்லே தலைப்பில் இல்லை. இது ஒரு கடையும் அதில் வந்து ஒதுங்கிய ஐந்து பேரும் பற்றிய கதை.

அப்புறம், மாசா, அதாவது அந்த மாசானோசுகே, எதற்காக வாளை உருவ வேண்டும்? 1615-இல் ஒசாகா கோட்டை விழுந்தது, 1638-இல் ஷிமாபரா கலகம் அடங்கியது. அதன் பிறகு இருநூறு வருடங்களுக்கு மேல் அங்கே பெரிய போரே இல்லை. சாமுராய்க்குச் சம்பளம் அரிசிக் கணக்கில். அரிசி விலை விழுந்தால் அவன் பாடும் விழுந்தது. கீழ்மட்டத்து சாமுராய்கள் குடைக்கு எண்ணெய்க் காகிதம் ஒட்டி வயிறு வளர்த்தார்கள். எசமானும் இல்லாத ரோனினின் நிலையைக் கேட்கவே வேண்டாம். இடுப்பில் வாள் இருக்கிறது, அதற்கு வேலை இல்லை. அந்த வெறுமையைத்தான் இந்தத் தொடர் காட்டுகிறது. அதை வேகமாக எப்படிக் காட்டுவது?

கட்டானா_பையன்:
வரலாறெல்லாம் சரி அக்கா. அவனுக்குப் பொழுது போகவில்லை என்பதற்காக எனக்கும் போகக் கூடாதா?

மெதுவாகப் போவது என் பிரச்சினையே இல்லை. ஒளித்து வைப்பதுதான் பிரச்சினை. (இனி கதை உடைபடும், பார்க்காதவர்கள் தாண்டிப் போகவும்.) யாயிச்சி சின்ன வயதில் தானே கடத்தப்பட்டவன், பெரிய இடத்துப் பிள்ளை, அவன் பெயரே அவனுடையது இல்லை. கதையின் உயிர்நாடி இதுதான். இதை முதல் பாதியில் துளித்துளியாகக் காட்டிக் காட்டி மறைக்கிறார்கள். யாராவது வாயைத் திறந்தால் உடனே ஒரு கிண்ணம் சாகே வந்துவிடுகிறது. பிறகு கடைசி அத்தியாயங்களில் எல்லாவற்றையும் அவசரமாகக் கொட்டுகிறார்கள். பொறுமையாகச் சொல்லும் தொடர் என்றால் கடைசி வரை பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும் இல்லையா?

பழைய_விசிடி:
பையன் சொல்வதில் பாதி நியாயம். மூலக்கதை ஓனோ நட்சுமேயின் மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, எட்டுத் தொகுதிகள், 2006-இலிருந்து 2010 வரை வந்தது. அதைப் பன்னிரண்டு அத்தியாயத்தில் அடைத்தால் எங்காவது பிதுங்கத்தான் செய்யும். இயக்குநர் மோச்சிசுகி தொமோமி முன்பாதியை விட்டுக்கொடுக்காமல் பின்பாதியைக் கசக்கிவிட்டார் என்பது என் எண்ணம்.

இன்னொரு வேடிக்கை. இது ஃபுஜி டிவியின் 'நோயிட்டாமினா' வரிசையில் வந்தது. அதே 2010 வசந்தத்தில் அந்த வரிசையை ஒரு மணி நேரமாக்கி, இதற்கு ஜோடியாகப் போட்டது 'தாத்தாமி கேலக்ஸி'யை. அதில் கதாநாயகன் மூச்சு விடாமல் பேசுவான், படிக்கப் படிக்க வசனம் ஓடிவிடும். ஒரே ராத்திரியில் எக்ஸ்பிரஸ் ரயிலையும் மாட்டுவண்டியையும் சேர்த்து விட்ட புண்ணியவான் யாரோ!

கட்டானா_பையன்:
மாட்டுவண்டி என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள், நன்றி.

மழைத்தவளை:
மாட்டுவண்டியில் போனால்தான் வழியில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

யாயிச்சியின் கதையை முன்னாடியே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவன் மேல் நமக்குப் பரிதாபம் வந்திருக்கும். மாசாவுக்கு அவனைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரியாமலேயே ஒட்டிக்கொள்கிறான். நாமும் அந்த நிலையில்தான் உட்கார வேண்டும். முகங்களைக் கவனித்தீர்களா? யாயிச்சியின் கண் எப்போதும் பாதி மூடியிருக்கும். மாசாவின் கண்ணோ பூனைக்குட்டி கண் மாதிரி அகலத் திறந்திருக்கும். ஒருவன் எதையும் பார்க்க விரும்பாதவன், இன்னொருவன் எதையும் பார்க்காமல் இருக்கத் தெரியாதவன். வசனம் செய்யாத வேலையை அந்தக் கண்கள் செய்கின்றன.

கட்டானா_பையன்:
கண் சரி. ஆனால் ஊரில் இத்தனை பேரைக் கடத்துகிறார்கள், போலீஸ் என்ன செய்கிறது? யாகி என்று ஓர் அதிகாரி வருகிறார், அவரும் மாசாவோடு பேசிக்கொண்டிருக்கிறார்! ஒரு துரத்தல்கூட இல்லை.

அரிசிக்கடை_பேரன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பதினெட்டாம் நூற்றாண்டில் எடோவின் மக்கள்தொகை பத்து லட்சம். நகரத்து ஜனங்களைக் கவனிக்க வடக்கு, தெற்கு என்று இரண்டே அலுவலகங்கள். ஒவ்வொன்றிலும் யோரிகி என்ற அதிகாரிகள் 25 பேர், அவர்களுக்குக் கீழே நூறு பேர் போல. அவ்வளவுதான் போலீஸ். தவிர, தொடரில் கடத்தப்படுவது வசதியான வீட்டுப் பிள்ளைகள். மானம் போகுமே என்று வீட்டார் வாயை மூடிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். புகாரே இல்லாத இடத்தில் துரத்தல் எங்கிருந்து வரும்?

நான் சொல்ல வந்தது வேறு. மாசாவுக்கு உடம்பு முடியாமல் போய், ஒரு பெரியவர் வீட்டில் தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்கிறானே, அது என்ன நோய் என்று யாரும் பேசவில்லை. பெரிபெரி. அந்தக் காலத்தில் 'எடோ நோய்' என்றே அதற்குப் பெயர். ஊரில் தவிட்டரிசியும் பார்லியும் தின்றவன் எடோவுக்கு வந்து தீட்டிய வெள்ளை அரிசியைத் தின்பான். சில மாதங்களில் கால் மரத்து வீங்கும். சொந்த ஊருக்குத் திரும்பினால் தானாகச் சரியாகும். தவிட்டோடு பி1 வைட்டமின் போய்விட்டது என்பது அப்போது யாருக்குத் தெரியும்? 1866-இல் இருபது வயதில் இறந்த ஷோகுன் இயெமோச்சிக்கே இதுதான் என்பார்கள். நம் வீட்டுப் புழுங்கலரிசியில் இந்தத் தொல்லை குறைவு. நெல்லை அவிக்கும்போது பி1 உள்ளே இறங்கிவிடும், தீட்டினாலும் முழுதாகப் போகாது. தாத்தா கடையில் இதைத் தெரிந்து விற்கவில்லை, தெரியாமல்தான் விற்றார்.

ஆகவே, வேறு தொடர்களில் சாமுராய் வாள்வெட்டில் விழுவான். இவன் வெள்ளைச் சோற்றில் விழுந்தான். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

பழைய_விசிடி:
அட! நான் அதை வெறும் களைப்பு என்றே நினைத்திருந்தேன். இரண்டு தடவை பார்த்தவன்.

கட்டானா_பையன்:
தகவல் பிரமாதம் அண்ணா. ஆனால் இதைத் தெரிந்துகொள்ள நான் இங்கே வர வேண்டியிருக்கிறதே, அதுதான் என் புகார். ஜப்பானியப் பார்வையாளருக்கு ஒரு சொல்லில் புரிகிறது. எனக்கு அது 'ஹீரோ படுத்திருக்கிறான், இன்னும் எழவில்லை'.

மழைத்தவளை:
இது நியாயமான பேச்சு. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் ரசத்தை இழுத்திருக்க மாட்டேன். என்றாலும் அந்தப் பெரியவர் வீட்டுப் பகுதியை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள். முழுத்தொடர் வேண்டாம்.

கட்டானா_பையன்:
பார்த்தேன். ஞாயிறு மதியம், கூடத்து டிவியில். இன்னும் மெதுவாகத்தான் போகிறது.

பின்னால் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மாசா மெலிந்துபோய்ப் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "யாருடா இந்தப் பிள்ளை, நேரத்துக்குச் சாப்பாடு போட ஆளில்லையா?" என்றார். வெள்ளை அரிசிக் கதையைச் சொன்னேன். கீரைத்தட்டோடு சோபாவில் வந்து உட்கார்ந்துவிட்டார். வசனத்தையெல்லாம் நான்தான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். வசனம் குறைவு என்பதால் பெரிய சிரமம் இல்லை, அதை மட்டும் தொடரின் சாதகக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

மதிப்பெண் அதே 5 தான். அடுத்தது எப்போது போடுவாய் என்று அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டார்.