நித்திரையைக் கெடுத்தது மூக்குத்தான்

நான் இருப்பது திருகோணமலை உவர்மலையில். வைகாசியில் வறண்ட கச்சான் காற்று எழும்பினால், காலையில் துடைத்த ஜன்னல் விளிம்பில் மத்தியானமே புழுதி படிந்துவிடும். விடியப்புறம் 4 மணிக்கு எனக்குத் தும்மல் தொடங்கும். அதைக்கூடத் தாங்கலாம், இரவைத்தான் தாங்க முடியாது. வலப்பக்கம் சரிந்து படுத்தால் வல மூக்கு அடைக்கும், இடப்பக்கம் புரண்டால் இட மூக்கு அடைக்கும். வாயால் மூச்சு விட்டு, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ள எழும்புவேன். 8 மணித்தியாலம் படுத்திருந்தும் வேலையில் கண் சொருகும்.

ஆறு வருடமாக இதைத் தடிமன் என்றே நினைத்திருந்தேன். தடிமன் ஒரு கிழமை, பத்து நாளில் மாறிவிடுமே! காய்ச்சல் இல்லை, மூக்கும் கண்ணும் ஒரே அரிப்பு. ஒவ்வாமை என்று டொக்டர் சொன்ன பிறகுதான் விளங்கியது. படுத்தால் மூக்கின் உட்பக்கத்தில் இரத்தம் கூடித் தேங்கும். ஏற்கெனவே வீங்கின மூக்கென்றால் முழுதாக அடைபட்டுவிடும். நமக்கே தெரியாமல் நித்திரை அடிக்கடி கலைந்துகொண்டிருக்கும்.

அதற்கு முன் நான் விட்ட பெரிய பிழை, அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை ஒரு மாதத்துக்கு மேல் மூக்கில் விட்டதுதான். அதை ஒரு கிழமைக்கு மேல் பாவிக்கக்கூடாது. பாவித்தால் மருந்தே அடைப்பைக் கூட்டும். மருந்துக்கடையில் யாரும் அதைச் சொல்லவில்லை, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. பிரிட்டோன் (Piriton) என்ற ஒவ்வாமைக் குளிசையும் போட்டுப் பார்த்தேன். நித்திரை வந்தது, ஆனால் மறுநாள் மத்தியானம் வரை தலை மந்தம்.

இப்போது டொக்டர் தந்த ஸ்டீராய்டு ஸ்ப்ரே. மூக்கின் நடுச்சுவரில் படாமல், காதுப் பக்கம் சரித்து அடிக்க வேண்டும். முதலில் நேராக அடித்து இரத்தம் கசிந்தது. ஒரு நாளில் பலன் தெரியாது, எனக்கு இரண்டு கிழமை எடுத்தது.

அப்புறம், தலையணை. அம்மா தைத்துத் தந்த இலவம் பஞ்சுத் தலையணை, 15 வருடப் பழசு. வெயிலில் வைத்துத் தட்டினேன், தூசி புகையாக எழும்பியது. கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகளுக்கு அதுதான் வீடு. மனமில்லாமல்தான் மாற்றினேன். பெட்சீட்டைக் கிழமைக்கு ஒருமுறை சுடுதண்ணீரில் ஊறவைக்கிறேன்.

உங்களுக்கு எப்படி?

*

பதில், நிலாவெளியிலிருந்து:

எங்கள் வீட்டில் மாரியில்தான் கஷ்டம், அண்ணா. சுவரெல்லாம் ஈரம், அலுமாரிக்குள் பூஞ்சணம். ஒன்பது வயது மகன் வாய் திறந்து குறட்டை விடுவான், வகுப்பில் தூங்கி விழுகிறான் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னா. நுளம்புச் சுருள் கொளுத்துவதை விட்டுவிட்டு வலை கட்டினோம். புகை போனதும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் வலையிலும் தூசி பிடிக்கும், மாதம் ஒருக்கால் தோய்க்க வேண்டும்.

*

தங்கச்சி, பெட்சீட், தலையணை எல்லாம் பார்த்த நான் வலையை நினைக்கவே இல்லை. இப்போதுதான் கையால் தடவிப் பார்த்தேன், விரல் நுனி சாம்பல் நிறம். கழற்றி வாளியில் போட்டுவிட்டேன்.