மார்க்ஸ் காயமடைந்தபோது பொல்லார்டை அழைத்தது சரியா? (தென்னாப்பிரிக்கா, ரக்பி உலகக் கோப்பை 2023)

கண்டிமைதானம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 2023 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்க அணி எடுத்த ஒரு தேர்வு முடிவைப் பற்றி, ரக்பியை நெருக்கமாகக் கவனிப்பவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். கோப்பையை அவர்கள் வென்றுவிட்டார்கள் என்பதாலேயே அந்த முடிவு சரியாகிவிடுமா என்ற ஐயம் எனக்கு இன்னும் தீரவில்லை.

செப்டம்பர் 10 அன்று மார்செய் நகரில் ஸ்காட்லாந்தை 18-3 என வென்ற பிறகு, பயிற்சியின்போது ஹூக்கர் (முன்வரிசையின் நடுவில் ஆடுபவர்) மால்கம் மார்க்ஸின் முழங்காலில் அடிபட்டது. அத்துடன் அவருடைய உலகக் கோப்பை முடிந்தது. 33 பேர் கொண்ட அணியில் முதன்மை ஹூக்கர்களாக இருந்தவர்கள் அவரும் போங்கி எம்போனாம்பியும் மட்டுமே. ஆகவே ஜோசஃப் ட்வேபா போன்ற இன்னொரு ஹூக்கரை அழைப்பார்கள் என்றே நான் எதிர்பார்த்தேன். ஆனால் அழைக்கப்பட்டவர் ஃப்ளை-ஹாஃப் (ஆட்டத்தை வழிநடத்தி, பெரும்பாலும் கம்பத்துக்கு உதைப்பவர்) ஹாண்ட்ரே பொல்லார்ட். கெண்டைக்கால் காயத்தால் ஆகஸ்ட் 8 அன்று அறிவிக்கப்பட்ட அணியில் இடம் கிடைக்காதவர், நெடுநாள் ஆட்டமில்லாமல் இருந்தவர். ஹூக்கர் இடத்தை 36 வயது டியான் ஃபூரியும் ஃப்ளாங்கரான (முன்களத்தின் ஓரத்தில் ஆடுபவர்) மார்கோ வான் ஸ்டாடனும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

பள்ளி நாள்களில் நானும் ஹூக்கராக ஆடியவன் என்பதால் இதை எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஸ்க்ரம்மில் (இரு அணி முன்கள ஆட்டக்காரர்களும் பிணைந்து தள்ளுவது) இரண்டு கைகளும் இருபுறத்து ப்ராப் ஆட்டக்காரர்களைப் பற்றிக்கொண்டிருக்கும்; எதிரணியின் தள்ளலைக் கழுத்தும் தோளும் வாங்கிக்கொண்டிருக்க, ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலால் பந்தை வாரிப் பின்னுக்கு அனுப்ப வேண்டும். லைன்-அவுட் எறிதல், அதாவது பக்கக் கோட்டிலிருந்து குதிப்பவரின் கைக்குப் பந்தை எறிவது, அதைவிடக் கடினம். மாலையில் எல்லோரும் போன பிறகு கோல் கம்பத்தில் ஆளுயரத்துக்கு மேலே சுண்ணாம்பால் ஒரு கோடிட்டு, பந்து அந்தக் கோட்டில் பத்து முறை படும்வரை வீட்டுக்குப் போவதில்லை என்று எறிந்துகொண்டிருப்பேன். கண்டியின் மழையில் நனைந்த பந்து விரல்களிலிருந்து சற்றே வழுக்கினாலும், குதிப்பவரின் கைக்கு ஒரு முழம் தள்ளியே போய் விழும். இந்த வேலையை உலகக் கோப்பையில் இரண்டாம் பணியாக ஒருவரிடம் ஒப்படைக்கலாமா?

நீளப்பாஸ்

உங்கள் கவலை நியாயமானது. ஆனால் ஃபூரியை ஃப்ளாங்கர் என்று மட்டும் பார்ப்பது சரியன்று. அவர் தொழில்முறை வாழ்க்கையில் பல ஆண்டுகள் ஹூக்கராகவே ஆடியவர். பின்னரே ஃப்ளாங்கராக மாறி, 2022இல் 35 வயதில் தேசிய அணிக்கு வந்தார். புதிதாகக் கற்கும் ஒருவரிடம் அவர்கள் அந்த வேலையைக் கொடுக்கவில்லை, பழைய தொழிலுக்குத் திரும்பும் ஒருவரிடம்தான் கொடுத்தார்கள். அதையும் கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை. செப்டம்பர் 17 அன்று போர்தோ நகரில் ருமேனியாவுக்கு எதிராக ஃபூரியையே மாற்று ஹூக்கராக இறக்கிப் பார்த்தார்கள். அந்த ஆட்டத்தை 76-0 என வென்ற அன்றே பொல்லார்டின் பெயர் அறிவிக்கப்பட்டது.

பொல்லார்ட் எதற்காகத் தேவைப்பட்டார் என்பது ஆறே நாள்களில் தெரிந்தது. செப்டம்பர் 23 அன்று பாரிஸில் அயர்லாந்திடம் 13-8 எனத் தோற்ற ஆட்டத்தில், அணியில் இருந்த ஃப்ளை-ஹாஃப் மானி லிபோக்கும் ஸ்க்ரம்-ஹாஃப் (ஸ்க்ரம்மிலிருந்து பந்தை எடுத்துக் கொடுப்பவர்) ஃபாஃப் டி கிளர்க்கும் கம்பத்துக்கு உதைத்துத் தவறவிட்டவை மட்டும் 11 புள்ளிகள். லிபோக் பந்தைப் பகிர்வதிலும் குறுக்கே உதைத்துத் தாக்குதலைத் திறப்பதிலும் மிகத் திறமையானவர். அவர் ஆடும்போது அந்த அணியின் பின்வரிசைக்கே வேறொரு உயிர் வரும். ஆயினும் நாக்-அவுட் சுற்றில் ஒரு பெனால்டியில் ஆட்டம் முடியும். அடுத்து நடந்ததைப் பாருங்கள்: காலிறுதியில் பிரான்ஸை 29-28, அரையிறுதியில் இங்கிலாந்தை 16-15, இறுதியில் நியூசிலாந்தை 12-11. மூன்றும் ஒரு புள்ளி வெற்றிகள். அரையிறுதியில் லிபோக்கை முதல் பாதியிலேயே எடுத்துவிட்டுப் பொல்லார்டை இறக்கினார்கள். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, ஏறக்குறைய பாதி மைதானத் தொலைவிலிருந்து வெற்றிப் பெனால்டியை உதைத்தவர் அவர்தான். இறுதியாட்டத்தின் 12 புள்ளிகளும் அவர் உதைத்த நான்கு பெனால்டிகளில் வந்தவை. மார்க்ஸ் நலமாக இருந்திருந்தால் பொல்லார்டுக்கு அணியில் இடமே இருந்திருக்காது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

முன்வரிசைக்காரன்

நீளப்பாஸ் சொல்லும் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு முழுவதும் பின்னால் தெரிந்தவற்றை வைத்துப் போட்டது. இறுதியாட்டத்தின் முதல் சில நிமிடங்களை யாரும் மறந்திருக்க முடியாது. ரக்கில் (தரையில் கிடக்கும் பந்துக்கான நெரிசல்) நியூசிலாந்தின் ஷானன் ஃபிரிஸெல் எம்போனாம்பியின் கால்மேல் விழுந்தார். எம்போனாம்பியின் முழங்கால் மடங்கியது. ஃபிரிஸெல்லுக்கு மஞ்சள் அட்டை கிடைத்தது, ஆனால் எம்போனாம்பி திரும்பி வரவில்லை. ஏறத்தாழ ஆட்டம் முழுவதையும், அதற்குள் 37 வயதாகியிருந்த ஃபூரி ஹூக்கராக ஆட வேண்டியதாயிற்று. தென்னாப்பிரிக்காவின் லைன்-அவுட் அன்று எப்படித் தடுமாறியது என்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

சாம் கேனுக்குச் சிவப்பு அட்டை கொடுக்கப்பட்டு நியூசிலாந்து 14 பேருடன் ஆடாமல் இருந்திருந்தால் முடிவு என்னவாகியிருக்கும்? ஆடவர் உலகக் கோப்பை இறுதியாட்டம் ஒன்றில் அதுவரை யாருக்கும் சிவப்பு அட்டை கிடைத்ததில்லை. அப்படியொரு நிகழ்வு துணைக்கு வந்தும் ஒரு புள்ளியில்தான் தப்பினார்கள். மேலும், ஒரே ஒரு முதன்மை ஹூக்கர் மட்டும் இருந்ததால் காலிறுதி, அரையிறுதி இரண்டிலும் சுமை முழுவதும் எம்போனாம்பியின் மேல் விழுந்தது; அந்த இரு ஆட்டங்களுக்கும் இடையே இருந்தது ஆறு நாள் மட்டுமே. முன்வரிசையில் ஆடிய எவருக்கும் அந்த ஆறு நாளில் கழுத்தும் முதுகும் எப்படி இருக்கும் என்று தெரியும். ஃபூரி அன்று காட்டிய மன உறுதியை நான் தலைவணங்கிப் போற்றுகிறேன். அவரை அந்த நிலையில் நிறுத்திய தேர்வை என்னால் போற்ற முடியவில்லை.

இயன்முறைமருத்துவர்

விளையாட்டுக் காயங்களுடன் நாள்தோறும் வேலை செய்பவள் என்ற முறையில் இதில் ஒரு பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

காயம் ஆறுவது ஒன்று, ஆட்டத்துக்குத் தயாராவது இன்னொன்று. கெண்டைக்கால் தசை கிழிந்தவருக்கு வலி நின்று, நடை சீராகி, நேராக ஓடவும் முடிந்துவிட்டால், காயம் ஆறிவிட்டது என்று சொல்லிவிடலாம். ஆனால் களைப்புற்ற நிலையில் திடீரென வேகமெடுப்பது, பக்கவாட்டில் திரும்புவது, ஒருவர் மோதும்போது முன்பாதத்தில் உடல் எடையை ஊன்றித் தாங்குவது ஆகியவற்றை அந்தத் தசை மீண்டும் பழக வேண்டும். இவற்றைச் சிகிச்சை அறையில் முழுமையாகச் சோதிக்க முடியாது. கம்பத்துக்கு உதைப்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லோரும் உதைக்கும் காலையே கவனிப்பார்கள். ஆனால் ஒவ்வோர் உதையிலும் முழு உடலையும் நிறுத்திப் பிடிப்பது ஊன்றிய கால்தான். எனவே ஒரு நாளைக்கு இத்தனை உதைகள் என்று எண்ணி எண்ணித்தான் கூட்டிக்கொண்டு போவோம். ஆட்டக்காரர் இன்னும் ஐந்து உதைக்கிறேன் என்று கெஞ்சுவார். அன்று வேண்டாம் என்று சொல்வதுதான் எங்கள் வேலையில் மிகக் கடினமான பகுதி.

இந்தக் கோணத்தில், ஆகஸ்டில் பொல்லார்டை விட்டதும் செப்டம்பரில் அழைத்ததும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று எனக்குத் தோன்றவில்லை. கெண்டைக்கால் காயத்தில் ஐந்தாறு வாரம் என்பது மிகப் பெரிய இடைவெளி. அக்டோபர் 1 அன்று டோங்காவுக்கு எதிராக அவரைத் தொடக்க அணியில் ஆடவைத்து, காலிறுதியில் லிபோக்குக்குப் பின் இறக்கி, அதன் பிறகே இறுதியாட்டத்தில் முதலிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள். சுமையை ஏற்றிய வரிசை எனக்கு ஒழுங்காகவே படுகிறது.

அணித்தலைவர் சியா கொலிசியின் விவகாரம் இதைவிடத் துணிச்சலானது என்பேன். ஏப்ரல் இறுதியில் முழங்காலில் அடிபட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், ஓர் ஆட்டமும் ஆடாத நிலையிலேயே அணியில் சேர்க்கப்பட்டு, ஆகஸ்ட் 19 அன்று கார்டிஃபில் வேல்ஸுக்கு எதிராகத்தான் களத்துக்குத் திரும்பினார். அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் ஜாக் நீனபர் அடிப்படையில் பிசியோதெரபி பயின்றவர் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. மருத்துவக் குழுவின் அறிக்கையில் 'பெரும்பாலும்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

நீளப்பாஸ்

இயன்முறைமருத்துவர் அவர்களுக்கு மிக்க நன்றி. முன்வரிசைக்காரன் அவர்களுக்கு ஒரு பழைய நிகழ்வை நினைவூட்ட விரும்புகிறேன். 2011 உலகக் கோப்பையில் நியூசிலாந்து அணியில் டான் கார்ட்டர் உதைப் பயிற்சியின்போது தொடை இடுக்கில் காயமடைந்தார். காலிறுதியில் காலின் ஸ்லேட் வெளியேறினார். இறுதியாட்டத்தின் முதல் பாதியில் ஏரன் குரூடனின் முழங்கால் மடங்கியது. நான்காவதாக வந்த ஸ்டீபன் டொனால்ட், அழைப்பு வந்தபோது வைக்காட்டோ ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர். அவர் உதைத்த பெனால்டியால்தான் பிரான்ஸை 8-7 என வென்றார்கள். ஒரே இடத்தில் எத்தனை பேரை அடுக்கி வைத்தாலும் காயம் அதையும் தாண்டி வரும் என்பதால், எந்த இடத்தில் குறைவாக வைத்துக்கொள்வது என்பதையே தேர்வாளர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

முன்வரிசைக்காரன்

டொனால்ட் ஃப்ளை-ஹாஃபின் இடத்துக்கு அழைக்கப்பட்ட ஃப்ளை-ஹாஃப். நீங்கள் காட்டிய சான்று என் பக்கத்தையே வலுப்படுத்துகிறது.

கண்டிமைதானம்

பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. பொல்லார்டை அழைத்ததில் எனக்கிருந்த மறுப்பு பெருமளவு குறைந்துவிட்டது. ஃபூரியின் பழைய அனுபவத்தையும் ருமேனியா ஆட்டத்தையும் நான் போதிய அளவு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இறுதியாட்டத்தின் 23 பேர் பட்டியலை நேற்று மீண்டும் எடுத்துப் பார்த்தேன். மாற்று இருக்கையில் ஏழு முன்கள ஆட்டக்காரர்களும், பின்வரிசைக்கு வில்லி லெ ரூ ஒருவரும் மட்டுமே இருந்தார்கள். மாற்று ஸ்க்ரம்-ஹாஃப் இல்லாததால் டி கிளர்க் கடைசிவரை ஆட வேண்டியிருந்தது. வான் ஸ்டாடனும் அந்த 23 பேரில் இல்லை. எம்போனாம்பி வெளியேறிய பிறகு, எழுபது நிமிடங்களுக்கு மேல், ஃபூரிக்கு ஏதாவது நேர்ந்திருந்தால் லைன்-அவுட்டில் பந்தை எடுத்துக்கொண்டு கோட்டுக்குப் போயிருக்கக்கூடிய ஹூக்கர் அந்த அணியில் ஒருவரும் இல்லை. இதற்கு அவர்கள் என்ன ஏற்பாடு வைத்திருந்தார்கள் என்று அறிந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். எனக்கு அந்த ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை.