புதுப்பிப்பு: பாட்காஸ்டில் கேட்ட இரைச்சல் நின்றது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் கூட்டாளிகள் சேர்ந்து, 'டாக்டர் ஹூ' என்ற பிபிசி தொலைக்காட்சித் தொடரைப் பற்றிச் செய்யும் பாட்காஸ்டில் அடியில் ஓர் இரைச்சல் ஓயாமல் கேட்கிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலித்தது சார்ஜர் யோசனைதான். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிவு செய்தோம். அந்த நொடியே சத்தம் நின்றது. நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல், யூஎஸ்பி மைக்கில் புகுந்திருக்கிறது. போர்வை தொங்கவிட்டதில் எதிரொலி மட்டும் குறைந்தது.

பதிவில் விழும் மழைச் சத்தம் வேறு கதை. தகரக் கூரைக்குக் கீழே டைனமிக் மைக்தான் (தூரத்துச் சத்தத்தை அவ்வளவாகப் பிடிக்காத வகை) சரி, வாய்க்கு நாலு விரல் தள்ளி. அடைமழை என்றால் அதுவும் எடுபடாது. விடும்வரை தே ஓ (பாலில்லாத தேநீர்) குடிக்கிறோம்.

எதிர்பாராதது: தொடரின் தொலைந்துபோன 1960களின் அத்தியாயங்கள் பற்றிய பகுதிக்குத்தான் கேட்பவர்கள் அதிகம். பிபிசி அவற்றின் படப்பதிவை அழித்தும் ஒலி தப்பியது, ரசிகர்கள் வீட்டில் டேப்பில் பிடித்து வைத்ததால்.